செலவு ஏறும் காலத்தில் இல்லம் நடத்த எந்த நிதி: அரசு மானியமா, நிறுவன நிதியா, நன்கொடையா?

தமிழ்நாட்டில் குழந்தைகள் இல்லம், முதியோர் இல்லம், மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பள்ளி ஆகியவற்றை நடத்தும் சிறிய அறக்கட்டளைகளின் நிர்வாகிகள் பலர் இப்போது ஒரே இடத்தில் திகைத்து நிற்கிறார்கள். மாதச் செலவு வரவைத் தாண்டிவிட்டது. அரசு மானியத்துக்கு விண்ணப்பிப்பதா, அதற்கு அலைவதைவிடக் கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதியைத் தேடுவதா, தெரிந்தவர்களிடம் மாதந்தோறும் கேட்டு ஓட்டுவதா என்று கேட்கிறார்கள். கணக்குக்கு வசதியாக 50 குழந்தைகள் தங்கும் ஓர் இல்லத்தை எடுத்துக்கொண்டு இந்த வழிகளை ஒப்பிடுகிறேன். முதியோர் இல்லத்துக்கும் சிறப்புப் பள்ளிக்கும் மாறுபடும் இடங்களை ஆங்காங்கே சொல்கிறேன்.

முதலில் ஏறுவது எது என்று பார்த்துவிட வேண்டும். அரிசி, எண்ணெய், எரிவாயு விலைதான் எல்லோர் கண்ணிலும் படுகிறது. ஆனால் இல்லத்தின் கணக்கில் நின்று நிலைத்து ஏறுவது பணியாளர் ஊதியம். தமிழ்நாட்டில் குறைந்தபட்ச ஊதியத்தோடு சேரும் அகவிலைப்படி, சென்னை நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணை ஒட்டி ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று திருத்தப்படுகிறது. பணியாளர் எண்ணிக்கை 20-ஐத் தொட்டால் வருங்கால வைப்பு நிதியும் சேர்ந்துகொள்ளும். உணவுப் பொருளிலும் ஒரு மறைமுகச் சுமை உண்டு. 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான முத்திரையிட்ட அரிசி மூட்டைக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வந்துவிட்டதால், மளிகைக் கடைகளில் 26 கிலோ சிப்பம் புழக்கத்துக்கு வந்தது. மொத்தமாக வாங்கும் இல்லங்கள் பெரும்பாலும் அதையே கேட்டு வாங்குகின்றன. செலுத்திய ஜி.எஸ்.டி.யை வியாபாரி கழித்துக்கொள்வதைப் போல, வரிவிலக்குப் பெற்ற சேவையை மட்டும் தரும் அறக்கட்டளை கழித்துக்கொள்ள முடியாது. பெயின்ட் முதல் கணினி வரை எல்லாவற்றிலும் அது முழுச் செலவாகவே நிற்கும்.

## எதை வைத்து ஒப்பிடுவது

எந்த நிதியையும் ஐந்து கேள்விகளால் சோதிக்கலாம். செலவு ஏறும்போது தொகையும் ஏறுமா? சொன்ன மாதத்தில் கைக்கு வருமா? ஊதியத்துக்குச் செலவிடலாமா? அதைப் பெறவும் கணக்குக் காட்டவும் எவ்வளவு ஆள்வேலை பிடிக்கும்? ஒருநாள் நின்றுபோனால் இல்லம் எத்தனை மாதம் தாங்கும்? நிர்வாகிகள் பெரும்பாலும் தொகை எவ்வளவு என்பதை மட்டும் பார்க்கிறார்கள். இல்லங்களை நெருக்கடியில் தள்ளுவது பெரும்பாலும் இரண்டாவது கேள்விதான். தொகை சிறிதாக இருந்தால் திட்டமிட்டுச் சமாளிக்கலாம், எந்த மாதம் வரும் என்றே தெரியாத தொகையை வைத்துத் திட்டமிட வழியில்லை.

## அரசு மானியம்

குழந்தைகள் இல்லங்களுக்கு இன்று முக்கியமான திட்டம் மிஷன் வத்சல்யா. மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் ஏற்கும் திட்டம் இது. இல்லத்தில் இருக்கும் ஒரு குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் ரூ.3,000. நாளொன்றுக்கு ரூ.100. மூன்று வேளைச் சாப்பாடு, உடை, சோப்பு, நோட்டுப் புத்தகம், சளிக் காய்ச்சலுக்கான மருந்து எல்லாம் அந்த நூறு ரூபாய்க்குள் அடங்க வேண்டும். பணியாளர்களுக்குத் தனித் தலைப்பில் தொகை உண்டு என்றாலும், அதுவும் பதவிவாரியாக நிர்ணயிக்கப்பட்டதே தவிர ஏப்ரல் மாத அகவிலைப்படியோடு நகர்வதில்லை.

இந்தத் தொகை வந்த பாதையைப் பார்த்தால் மானியத்தின் இயல்பு விளங்கும். ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் 2009-இல் தொடங்கியபோது ஒரு குழந்தைக்கு மாதம் ரூ.750. 2014-இல் ரூ.2,000. பின்பு ரூ.2,160. மிஷன் வத்சல்யா வழிகாட்டுதல்கள் வந்த 2022-இல் ரூ.3,000. பதின்மூன்று ஆண்டுகளில் நான்கு மடங்கு என்பது குறைவான உயர்வன்று; ஆண்டுச் சராசரியாகப் பார்த்தால் 11 சதவீதத்தைத் தொடுகிறது. மானியம் ஏறவே இல்லை என்று பொதுவாகச் சொல்லப்படும் குறை, ஆகவே, முழுதும் சரியன்று. அது ஏறுகிறது, ஆனால் தாவித் தாவி ஏறுகிறது. ஒரு தாவலுக்கும் அடுத்த தாவலுக்கும் இடைப்பட்ட ஐந்தாறு ஆண்டுகளில் விலையேற்றம் முழுவதையும் இல்லமே சுமக்க வேண்டியிருக்கிறது. 750 ரூபாய் காலத்தின் கடைசி ஆண்டுகளில் ஒரு குழந்தைக்கு நாளொன்றுக்கு ரூ.25 என்ற கணக்கில் நடத்திய இல்லங்கள், உயர்வு வரும்வரை மிச்சத்தை எங்கிருந்தோ கொண்டுவரத்தான் வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2008-இல் இயற்றப்பட்ட ஒரு சட்டம், சமூக சேவை அமைப்புகளுக்கு அரசு தரும் கட்டண விகிதங்களைக் குறிப்பிட்ட கால இடைவெளியில், இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை, மறுஆய்வு செய்ய வேண்டும் என்று வைத்தது. அப்படி ஒரு தேதி நம் திட்டங்களிலும் எழுதப்பட்டால், தொகை இப்போதுள்ளதாகவே இருந்தாலும் இல்லங்களின் பாதிக் கவலை தீரும் என்று உறுதியாக நம்புகிறேன். மருத்துவரோ ஆசிரியரோ பஞ்சப்படிக்காகப் போராட முடிகிறது. ஐந்து வயதுக் குழந்தை தன் சாப்பாட்டுத் தொகையைத் திருத்தச் சொல்லிப் போராட முடியாது.

மறைந்திருக்கும் செலவுகளில் பெரியது தாமதம். மத்தியப் பங்கு மாநிலக் கருவூலத்துக்கு வந்து, மாநிலப் பங்கும் சேர்ந்து, திட்டத்துக்கான ஒற்றைக் கணக்கு வழியே மாவட்டத்தை அடைய வேண்டும். முந்தைய தவணை எப்படிச் செலவானது என்று காட்டும் பயன்பாட்டுச் சான்றிதழ் போகாமல் அடுத்தது நகராது. 50 குழந்தைகளுக்குப் பராமரிப்புத் தொகை மாதம் ரூ.1,50,000. ஆறு மாதம் தாமதமாகி, அந்தச் செலவை மாதத் தொடக்கத்திலேயே ஆண்டுக்கு 12 சதவீத வட்டிக்கு வாங்கி நடத்தினால், வட்டி மட்டும் ரூ.31,500 ஆகும். பத்துக் குழந்தைகளின் ஒரு மாதப் பராமரிப்புக்கு மேற்பட்ட தொகை அது. அதை எந்தத் தலைப்பிலும் கேட்க முடியாது. மறுபக்கம், மானியம் வங்கிக் கணக்கில் கிடந்து வட்டி ஈட்டினால், 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி அந்த வட்டி அரசுக்குத் திரும்பிப் போக வேண்டும். அரசு தாமதித்தால் வட்டி இல்லத்தின் தலையில் விழுகிறது. முன்கூட்டி வந்தாலோ வட்டி அரசுக்குச் சேர்கிறது. இதைத் தெரிந்துகொண்டுதான் விண்ணப்பத்தில் கையெழுத்திட வேண்டும்.

அடுத்தது தலைக்கணக்கு. மானியம் குழந்தைகளின் எண்ணிக்கையைப் பின்தொடர்கிறது. செலவோ கட்டடத்தையும் ஆட்களையும் பின்தொடர்கிறது. குழந்தைகள் 50-லிருந்து 35 ஆகக் குறைந்தால் மானியத்தில் மாதம் ரூ.45,000 போய்விடும். ஆனால் சமையலர், காப்பாளர், இரவுக் காவலர், வாடகை, மின் கட்டணம் எதுவும் அந்த அளவுக்குக் குறையாது. இந்தக் குறைவு எப்போதாவது நேரும் விபத்தும் அன்று. இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழியாகவே இருக்க வேண்டும் என்பது இளைஞர் நீதிச் சட்டத்தின் கொள்கை. வத்சல்யாவிலேயே குடும்பத்தோடு வாழும் குழந்தைக்கான நிதி ஆதரவு மாதம் ரூ.4,000, இல்லத்தில் இருக்கும் குழந்தைக்கு ரூ.3,000 என்று வைத்திருப்பதைப் பார்த்தாலே அரசு எந்தப் பக்கம் போகிறது என்பது புரியும். அந்தத் திசை குழந்தைகளுக்கு நல்லதுதான். அதை எதிர்க்கவும் கூடாது. அடுத்த பத்தாண்டுகளிலும் 50 பேர் இருப்பார்கள் என்ற கணக்கில் மானியத்தை நம்பிக் கட்டடம் எழுப்பாமல் இருந்தால் போதும்.

மாற்றுத்திறனாளிகளுக்கான சிறப்புப் பள்ளிகளுக்குத் தீன்தயாள் மாற்றுத்திறனாளிகள் மறுவாழ்வுத் திட்டம் இருக்கிறது. அனுமதிக்கப்பட்ட திட்டச் செலவில் 90 சதவீதம் வரை மானியம் என்பது இதன் கவர்ச்சி. அங்கே 'அனுமதிக்கப்பட்ட' என்பதை அழுத்திப் படிக்க வேண்டும்: 90 சதவீதம் என்பது அரசின் விலைப்பட்டியலில் 90 சதவீதமே, உங்கள் உண்மைச் செலவில் அன்று. பிசியோதெரபிஸ்டுக்கு அரசு ஏற்கும் மதிப்பூதியத்துக்கும் அவர் தனியார் மருத்துவமனையில் வாங்கக்கூடிய சம்பளத்துக்கும் உள்ள இடைவெளியைப் பள்ளிதான் நிரப்ப வேண்டும்.

இத்தனைக்கும் பிறகு மானியம் யாருக்கு நல்லது? ஆறு மாதச் செலவைக் கையிருப்பாக வைத்திருக்கும் இல்லத்துக்கு நிச்சயம் நல்லது. ஏனென்றால் பதிவு, ஆய்வு, பதிவேடுகள் ஆகிய கடமைகள் மானியம் வாங்கினாலும் வாங்காவிட்டாலும் இருக்கின்றன. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின்படி ஒவ்வொரு குழந்தைகள் இல்லமும் பதிவு செய்தாக வேண்டும். அந்த வேலையைச் செய்துமுடித்த இல்லம் மானியத்துக்காகக் கூடுதலாகச் செய்ய வேண்டியது தனி வங்கிக் கணக்கும் பயன்பாட்டுச் சான்றிதழும் தணிக்கையுமே. கையிருப்பு இல்லாத இல்லத்துக்கு அதே மானியம், வரும்வரை கடனாகவும் வந்தபின் கடனடைப்பாகவும் முடிந்துபோகும்.

## கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி

2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 135-ஆவது பிரிவின்படி, நிகர மதிப்பு ரூ.500 கோடி, விற்றுமுதல் ரூ.1,000 கோடி, நிகர லாபம் ரூ.5 கோடி ஆகியவற்றுள் ஒன்றை எட்டிய கம்பெனி, முந்தைய மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். அதைப் பெற்றுச் செயல்படுத்தும் அறக்கட்டளை, கம்பெனி விவகார அமைச்சகத்தில் சி.எஸ்.ஆர்.-1 படிவம் அளித்துப் பதிவெண் வாங்கியிருக்க வேண்டும். 2021 ஏப்ரல் 1 முதல் இது கட்டாயம்.

தொகை பெரிது, வருவதும் விரைவு. ஆனால் திட்டம் முடிந்ததும் பணமும் முடிந்துவிடும். தொடர் திட்டம் என்று வகைப்படுத்தினாலும், தொடங்கிய ஆண்டு நீங்கலாக மூன்று ஆண்டுகளே எல்லை. கம்பெனிகள் பெயர்ப்பலகை வைக்கக்கூடிய பொருளுக்கு எளிதில் இசைகின்றன. இரவுக் காவலரின் சம்பளத்துக்கு இசைவது அரிது. நிர்வாகச் செலவுக்கு 5 சதவீதம்தான் அனுமதி என்று சில கம்பெனி அலுவலர்கள் சொல்வதுண்டு. அந்த வரம்பு கம்பெனி தன் சமூகப் பொறுப்புப் பிரிவை நடத்தும் பொதுச் செலவுக்கானது, செயல்படுத்தும் அமைப்பின் செலவுக்கானதன்று என்று அமைச்சகம் 2021-இல் வெளியிட்ட விளக்கத்தில் தெளிவாகவே இருக்கிறது. திட்டத்துக்கு வேண்டிய ஆட்களின் ஊதியத்தை வரவு செலவுத் திட்டத்தில் தயங்காமல் எழுதுங்கள்.

மறைமுகச் செலவு, வாங்கிய பொருளைப் பராமரிப்பது. வேன் கொடுப்பார்கள், ஓட்டுநர், டீசல், ஆண்டுக் காப்பீடு, வாகனத் தகுதிச் சான்று (எஃப்.சி.) எல்லாம் இல்லத்தின் பாடு. ஆகவே இந்த நிதியை, மாதச் செலவைக் குறைக்கும் பொருளுக்கே கேட்பது புத்திசாலித்தனம்: கூரைமேல் சூரிய மின்தகடு, நீராவிச் சமையல் கலன், சாண எரிவாயுக் கலன், ஆழ்துளைக் கிணறு. ஏறும் செலவை ஒருமுறைப் பணத்தால் குறைக்கும் வழி இது.

## வெளிநாட்டு நிதி

புதிதாகத் தொடங்கும் இல்லத்துக்கு இதைப் பரிந்துரைக்க மாட்டேன். வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற, மூன்று ஆண்டுகள் இயங்கியிருக்க வேண்டும். அந்த மூன்று ஆண்டுகளில் ரூ.15 லட்சம் பணிக்காகச் செலவிட்டிருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் பணம் முதலில் பாரத ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளைக் கணக்குக்கே வர வேண்டும். நிர்வாகச் செலவு வரம்பு 50 சதவீதத்திலிருந்து 20 ஆனது. ஓர் அமைப்பு பெற்ற தொகையை இன்னோர் அமைப்புக்கு மாற்றுவதும் தடைசெய்யப்பட்டது. பெரிய அமைப்புகளிடமிருந்து சிறிய இல்லங்களுக்குக் கசிந்துவந்த நீரோட்டம் அதோடு நின்றது. பள்ளி ஆசிரியர், மருத்துவர் போன்று நேரடியாகப் பணிசெய்வோரின் ஊதியம் நிர்வாகச் செலவில் சேராது என்பது விதிகளில் உள்ள நல்ல அம்சம். ஏற்கெனவே பதிவு உள்ளவர்கள் ஐந்தாண்டுப் புதுப்பிப்பைத் தவறவிடாமல் காத்துக்கொள்ளட்டும். ஆனால் மாதச் சம்பளம் முழுவதையும் இதன்மேல் வைப்பது அபாயம், ஏனென்றால் புதுப்பிப்பு நின்றால் வரவு ஒரே நாளில் நின்றுவிடும்.

## பொதுமக்கள் நன்கொடை

நம் ஊர் இல்லங்களின் அலுவலகச் சுவரில் ஒரு நாள்காட்டி தொங்கும். ஞாயிறு, அமாவாசை, பொங்கல், தீபாவளி நாள்களுக்கு நேரே பெயர்கள் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கும்: பிறந்தநாள் மதிய உணவு, திதி, திருமண நாள். ஒரே ஞாயிற்றுக்கு இரண்டு குடும்பங்கள் பிரியாணி கொண்டுவரக் கேட்கும். செவ்வாய், புதன் கட்டங்கள் வெறுமையாகக் கிடக்கும். பல் மருத்துவரிடம் போகவோ, பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு டியூஷன் வைக்கவோ யாரும் பெயர் எழுதுவதில்லை. கொடுப்பவர்களின் அன்பில் குறையில்லை. கேட்கும் முறையை மாற்ற வேண்டியது நாம்தான்.

வேளைச் சோற்றுக்குப் பதிலாக மாதச் சிறுதொகையாகக் கேட்பதே இந்த வழியின் உண்மையான பலம். மாதம் ரூ.500 வீதம் 300 பேர் கொடுத்தால் ரூ.1,50,000, 50 குழந்தைகளுக்கான வத்சல்யா பராமரிப்புத் தொகைக்குச் சமம். வங்கியிலிருந்து தானாகப் போகும்படி யு.பி.ஐ. மூலம் ஒருமுறை அனுமதி கொடுத்துவிட்டால் மாதந்தோறும் நினைவூட்ட வேண்டியதில்லை. 300 பேரில் சிலர் நிறுத்தினாலும் இல்லம் ஆடாது. அந்தப் பணத்தைச் சம்பளத்துக்கும் வட்டிக்கும் வேன் டயருக்கும் செலவிடலாம். ஆண்டுக்கு ஒருமுறை "விலை ஏறிவிட்டது, 50 ரூபாய் கூட்டித் தர இயலுமா" என்று நேராகக் கேட்கவும் முடியும். இதுவரை பார்த்த மற்ற நிதிகளில் இப்படி நேராகக் கேட்க இடமில்லை.

செலவு எங்கே ஒளிந்திருக்கிறது? முந்நூறு பேரைச் சேர்க்க இரண்டு ஆண்டுகளாவது ஆகும். ரசீது, நன்றிக் கடிதம், காலாண்டு அறிக்கை ஆகியவற்றுக்கு ஓர் ஆள் வேண்டும். 80ஜி அனுமதி (நன்கொடையாளருக்கு வருமான வரியில் கழிவு தரும் அனுமதி) பெற்ற அமைப்பு, நன்கொடையாளர் விவரங்களை நிதியாண்டு முடிந்து மே 31-க்குள் வருமான வரித் துறைக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு ரூ.200 கட்டணம். ரூ.2,000-க்கு மேற்பட்ட ரொக்க நன்கொடைக்கு வரிச்சலுகை கிடையாது. 2023-24 முதல் இயல்பாகிவிட்ட புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு 80ஜி கழிவே இல்லை என்பதால், வரிச்சலுகையைச் சொல்லிக் கேட்கும் பழைய பேச்சு சம்பளக்காரர்களிடம் இனி எடுபடாது. வேலையைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். அப்படிச் சொல்லும்போதும் ஓர் எல்லை உண்டு: இளைஞர் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவு குழந்தையின் அடையாளத்தை ஊடகத்தில் வெளிப்படுத்துவதைத் தடுக்கிறது. பிறந்தநாள் கேக்கோடு குழந்தைகளை நிறுத்திப் படமெடுத்து முகநூலில் போடும் நன்கொடையாளரைப் பணிவாக, ஆனால் உறுதியாக, தடுத்தாக வேண்டும். அதனால் ஒருசிலர் மனம் கோணுவார்கள். அந்த இழப்பை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

## தங்குவோர் கட்டணம்

இது முதியோர் இல்லங்களுக்கே பொருந்தும். பிள்ளைகளிடம் மாதக் கட்டணம் வாங்கி அதில் கிடைக்கும் மிச்சத்தில் ஆதரவற்றோரைப் பராமரிக்கும் கலப்பு முறை நன்றாகவே ஓடுகிறது. வருமான வரிப் பதிவு பெற்ற அறக்கட்டளை நடத்தும் இல்லத்தில், 60 வயது நிறைந்தவரிடம் மாதம் ரூ.25,000 வரை வாங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கும் உண்டு. விலையேற்றத்தை ஆண்டுதோறும் ஈடுகட்டும் வழி இது. இலவச இடங்கள் எத்தனை என்பதை அறக்கட்டளைத் தீர்மானமாக எழுதி வைக்காவிட்டால், சில ஆண்டுகளில் பணம் கட்டுவோரே எல்லாக் கட்டில்களையும் நிரப்பிவிடுவார்கள்.

## ஒரே பார்வையில்

| நிதி | செலவோடு ஏறுமா | நேரத்துக்கு வருமா | ஊதியத்துக்கு ஆகுமா | எங்கே பொருந்தும் |
|---|---|---|---|---|
| அரசு மானியம் | சில ஆண்டுகளுக்கு ஒருமுறை | தாமதம் இயல்பு | நிர்ணயித்த அளவுக்கு | உணவு, உடை, தலைக்கணக்குச் செலவு |
| கம்பெனி நிதி | இல்லை | பெரும்பாலும் ஆம் | திட்டக் காலம் வரை | செலவைக் குறைக்கும் கருவிகள் |
| வெளிநாட்டு நிதி | கொடுப்பவரைப் பொறுத்தது | பதிவு உள்ளவரை | ஆகும், வரம்போடு | பழைய, பதிவுள்ள அமைப்புகள் |
| மாத நன்கொடை | கேட்டால் ஏறும் | ஆம் | தாராளமாக | ஊதியம், அவசரச் செலவு |
| கட்டணம் | ஆம் | ஆம் | ஆம் | முதியோர் இல்லம் |

## எந்த நிலையில் எது

கையில் இரண்டு மாதச் செலவுக்குக்கூடப் பணமில்லாத இல்லம் இந்த ஆண்டு மானியத்துக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதை வரவாகக் கணக்கில் எழுதக் கூடாது. முதல் வேலை மாத நன்கொடையாளர்களைச் சேர்ப்பது. அதிலிருந்து ஆறு மாதக் கையிருப்பை எட்டியபின் மானியத்தைக் கணக்கில் கொண்டுவரலாம். வருமானத்தில் 85 சதவீதத்தை அந்தந்த ஆண்டே செலவிட வேண்டும் என்ற வரி விதி, மீதி 15 சதவீதத்தை நிபந்தனையின்றிச் சேர்க்க அனுமதிக்கிறது. கையிருப்பு வளர வேண்டிய இடம் அந்தப் பதினைந்துதான்.

குழந்தைகள் எண்ணிக்கை குறைந்துவரும் இல்லம், மானியத்தைக் கூட்ட முயல்வதைவிட, குடும்பத்துக்குத் திரும்பிய குழந்தைகளைத் தொடர்ந்து கவனிக்கும் பணிக்கோ பகல்நேரப் பராமரிப்புக்கோ மாறுவதைப் பற்றி மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோடு பேசுவது நல்லது. சிறப்புப் பள்ளிக்குப் பயிற்சி பெற்ற ஆள்தான் எல்லாம் என்பதால், அரசு மதிப்பூதியத்தின்மேல் கூடுதல் தொகையை மாத நன்கொடையிலிருந்து கொடுத்து ஆசிரியரைத் தக்கவைப்பதே முதல் செலவாக இருக்க வேண்டும்.

மானியம் வாங்கும் இல்லங்கள் தொகையை உயர்த்தச் சொல்லிக் கேட்பதையும் விட்டுவிடக் கூடாது. சட்டமன்றத்தில் துறையின் ஆண்டுச் செலவுக்கு ஒப்புதல் கேட்கும் மானியக் கோரிக்கை வரும் நாளில் மனு கொடுப்பது காலம் கடந்த வேலை. துறைகள் மதிப்பீடு தயாரிக்கும் அக்டோபர், நவம்பர் மாதங்களிலேயே கொடுக்க வேண்டும். ஒரு மாவட்டத்தின் இல்லங்கள் ஒன்றுசேர்ந்து, ஒரே படிவத்தில், ஒரு குழந்தைக்கு ஆகும் மாதச் செலவை அரிசி, பால், எரிவாயு, மருந்து, ஊதியம் என்று பிரித்து, மூன்று ஆண்டுகளின் தணிக்கைக் கணக்கிலிருந்து எடுத்து, மாவட்ட அலகின் வழியே குழந்தைகள் நலன் மற்றும் சிறப்பு சேவைகள் துறைக்கு (முன்பு சமூகப் பாதுகாப்புத் துறை) அனுப்பலாம். ரூ.3,000-க்கும் உண்மைச் செலவுக்கும் உள்ள வித்தியாசம் ஒவ்வோர் ஆண்டும் எவ்வளவு, அதை எந்த நிதியிலிருந்து ஈடுசெய்தீர்கள் என்ற இரண்டு பத்திகளும் அந்தப் படிவத்தில் கட்டாயம் இருக்கட்டும்.